நீ கேட்ட படங்கள்

தம்பி,

உன் கடிதமும் அதற்குள் வைத்து அனுப்பியிருந்த படமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. உறையின் ஓரத்தை வெட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். இங்கே வெளிநாட்டுக் கடிதங்கள் இப்போது அப்படித்தான் வருகின்றன, அதை நினைத்து நீ கவலைப்படாதே. பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல முகவெட்டு. சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. உன் அக்காவுக்கும் நான் அப்படித்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை அவள் முன்னால் எதற்கு எடுத்தேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து விமலாவின் பார்வை போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பல்லு எப்பிடி அப்பா? முன்பல்லு எடுப்போ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, நல்ல வரிசை" என்றேன். "அப்ப சரி. தம்பியின்ர பல்லுக்கு அதுதான் தேவை" என்று சிரித்தாள்.

நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். கல்யாண மண்டப வாசலில் ஒட்டி வைக்க, நீயும் அக்காவும் சின்ன வயதில் எடுத்த படங்களையெல்லாம் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அது ஒன்று. மற்றதைக் கடிதத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாய்: "அகதிக் கேஸை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா அப்பா? கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம். அக்காவை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்." முதலாவதற்கு என்னால் பதில் எழுத முடியும். இரண்டாவதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு கிழமையாகப் பேனையைத் திறந்து திறந்து மூடுகிறேன். அதனால்தான் இந்தத் தாமதம்.

படங்களைப் பற்றி முதலில் சொல்கிறேன். அந்த அல்பத்தை ஒட்டி வைத்தது உன் அம்மா. அவள் போன பிறகு விமலா அதை எடுத்துத் தன் உடுப்புகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. காலையில் துறைமுகத்துக்குப் போய், மாலையில் வந்து, பேப்பரை விரித்துக்கொண்டு இருந்த மனிதன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து, சாப்பிட்டு, அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருப்பாள். நான் கதிரையை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அல்பத்தை மடியில் வைத்துச் சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து இதுதான் எங்கள் ஞாயிறு. சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது, தம்பி. "தம்பி நிக்கிறான், நீ நிக்கிறாய்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. "நிக்கிறம் எண்டு எனக்கும் தெரியும் அப்பா, எப்பிடி நிக்கிறம்?" என்று அவள் பொறுமையில்லாமல் கேட்பாள்.

அம்மா இறந்த வருஷம் வந்த உன் பிறந்தநாள் படம் ஒன்று இருக்கிறது. மேல்வீட்டு மனிதர் எடுத்துத் தந்தது. மேசையில் கேக், அதன் பின்னால் நீ, உன் தோளில் கைவைத்துக்கொண்டு அக்கா. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். நான் ஒரு மூலையில், யாருடைய வீட்டுக்கோ வந்தவன் போல நிற்கிறேன்.

"நான் என்ன சட்டை போட்டிருக்கிறன்?" என்று கேட்டாள்.

"பூப்போட்ட சட்டை."

"என்ன நிறம்?"

"பிள்ளை, இது கறுப்பு வெள்ளைப் படம்."

"கிளிப்பச்சை. அம்மா கடைசியாத் தைச்சது. நான் வளர வளரக் கீழ்மடிப்பை அவிட்டு அவிட்டு நீளமாக்கினனான். அந்த மடிப்புக் கோடு தெரியுதோ பாருங்கோ."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு வெளிறிய கோடு. எத்தனை தடவை அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன்! பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். "அது கேக் இல்லை அப்பா. பாண். நான் செய்த கேக் கருகிப் போச்சு. உங்களுக்குச் சொன்னால் ஏசுவீங்கள் எண்டு, பேக்கரியில ஒரு றாத்தல் பாண் வாங்கி, கரையை வெட்டிப்போட்டு, மேல சீனியும் பட்டரும் அடிச்சுப் பூசினனான். வெட்டேக்க தம்பிக்குத் தெரிஞ்சு போச்சு. என்னைப் பாத்தான். பிறகு ஒண்டும் சொல்லாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்." உனக்கு அது நினைவிருக்கிறதா? அந்தச் சின்ன வயதில் நீங்கள் இருவரும் என் முன்னாலேயே இப்படி ஒரு காரியத்தை நடத்தியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தை மண்டப வாசலில் ஒட்டும்போது உன் மனைவியாக வரப்போகிறவளுக்கு அந்தப் பாணின் கதையைச் சொல். அக்கா யாரென்று விளக்குவதற்கு அதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

அடுத்தது நீ முதல் நன்மை வாங்கிய நாள் படம். கோயில் படியில் வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டு, கையில் மெழுகுதிரியோடு நீ. பக்கத்தில் அக்கா. உன் இரண்டு காதும் தலைக்கு வெளியே நிற்கின்றன. அந்தப் படம் அல்பத்தில் சரியாக ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஏனென்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நீ போன பிறகு அந்த நாளைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் ஒருவரோடொருவர் கதைத்ததே இல்லை.

பொலிஸ் சுற்றிவளைப்பில் உன்னையும் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்த பெடியன்களையும் ஏற்றிக்கொண்டு போன அடுத்த நாள் காலை, நான் உன் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். விமலாவும் தான் வேலை செய்த கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். அங்கே இருந்த அதிகாரி காகிதங்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையெல்லாம் யாரும் கள்ளமாக அச்சடிக்கலாம், இவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் என்றார். என் சிங்களம் துறைமுகத்துச் சிங்களம். பயம் வந்தால் அதுவும் வராது. அப்போது விமலா கைப்பையைத் திறந்து இந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அல்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. "மே பலன்ன சேர்" என்று தொடங்கி, ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் பேசுகிற சிங்களத்தில் படபடவென்று சொன்னாள்: இதைப் பாருங்கள், இது நம் கோயில், இது நம் கோயிற்படி, இவன் என் தம்பி, இங்கேதான் பிறந்தான், இங்கேதான் நடை பழகினான். அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உன்னை வெளியே கொண்டுவரச் சொன்னார். உன் கன்னம் வீங்கியிருந்தது, சேட்டில் பொத்தான் இல்லை. உன் பக்கத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது ரெண்டும் அதேதான்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அங்கே நின்ற மற்றப் பொலிஸ்காரர்களும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், தம்பி. கும்பிட்டுச் சிரித்தோம். உன்னோடு பிடிபட்ட மற்றப் பெடியன்களின் தாய்மார் வெளியே வெயிலில் குந்தியிருக்க, நாங்கள் உன்னை நடுவில் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர்களிடம் கோயிற்படியில் எடுத்த படம் இருக்கவில்லை. அன்றைக்குத்தான் உன்னை இந்த நாட்டில் வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

நீ குறிப்பாகக் கேட்ட படங்களுக்கு இப்போது வருகிறேன். காலிமுகத்திடலில் ஐஸ்பழத்தோடு நீங்கள் இருவரும் நிற்கும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதுப் படம் இருக்கிறது. உன் ஐஸ்பழம் மணலில் விழுந்து, நீ வாயைப் பிளந்து அழ, அக்கா தன்னுடையதை உன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை அனுப்புகிறேன். மற்றது, நீ விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அதே கடற்கரையில், அதே மாதிரி அக்கா உன் வாய்க்கு ஐஸ்பழத்தைப் பிடிக்க, நீ பொய்யாக அழுது எடுத்த படம். அது என்னிடம் இல்லை. எங்கே என்று சொல்வதற்கு, உனக்கு நான் ரெலிபோனில் முழுவதும் சொல்லாத அந்த நாளை எழுதத்தான் வேண்டும்.

அன்று காலை அவள் வழமைபோல் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள். குண்டுச் சத்தம் எங்கள் கொட்டாஞ்சேனை வரைக்கும் கேட்டது. எங்கள் யன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. நான் சரத்தோடு ஓடி, பாதியில் திரும்பிக் காற்சட்டை போட்டுக்கொண்டு மறுபடி ஓடினேன். கோட்டைப் பக்கம் வானம் கறுப்பாக இருந்தது. றோட்டை மறித்துவிட்டார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் வெள்ளையாகப் புழுதி பூசி, செருப்பில்லாமல் வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, மாலையில் கண்ணாஸ்பத்திரியில்தான் அவளைக் கண்டுபிடித்தேன். முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாக் கட்டிலிலும் அப்படித்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த காலைக் கொண்டுதான் அடையாளம் பிடித்தேன். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், உன் அம்மாவைப் போல. பக்கத்தில் போய்க் காலைத் தொட்டேன். "அப்பாவோ?" என்றாள். "ஓம் பிள்ளை." "சாப்பாட்டுப் பெட்டியை அங்கயே விட்டிட்டு வந்திட்டன் அப்பா" என்றாள்.

பிறகு சில நாள் கழித்துச் சொன்னாள். தெருவில் முதலில் துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்டிருக்கிறது. என்னவென்று பார்க்கக் கந்தோரில் எல்லோரும் யன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். அப்போதுதான் குண்டு வெடித்து, அந்தக் கண்ணாடி முழுவதும் உள்ளே வந்தது. "நான் வேற ஒண்டுக்கும் போகேல்ல அப்பா. பாக்கத்தானே போனனான்" என்றாள். அதை அவள் ஒரு நியாயம் கேட்பது போலச் சொன்னாள். யாரிடம் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் நிலந்தி என்ற பெண். விமலாவோடு ஒரே மேசையில் வேலை செய்தவள். அதே யன்னலில் நின்றவள். அவளுக்கு ஒரு கண் தப்பியது. அவளுடைய தாய் நான் இல்லாத வேளைகளில் விமலாவுக்கும் கஞ்சி பருக்குவாள். ஒருநாள் வேறொரு நோயாளியைப் பார்க்க வந்த ஆள், நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டுவிட்டு, உங்கள் ஆட்கள் செய்த வேலைதானே இது என்று உரக்கச் சொன்னான். நான் வெந்நீர்ப் போத்தலைப் பிடித்தபடி நின்றேன். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓம் என்றும் சொல்ல முடியவில்லை. நிலந்தியின் தாய்தான் எழும்பி, "அந்தப் பிள்ளையும் என்ர பிள்ளைக்குப் பக்கத்திலதான் நிண்டது" என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் போய்விட்டான். ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. அடுத்த நாள் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்து, அந்த வார்ட்டில் விமலாவை மட்டும் விசாரித்தார்கள். சொந்த ஊர் எது, வடக்கில் யார் இருக்கிறார்கள், தம்பி எங்கே, எப்போது போனான், யார் மூலம் போனான். கட்டுப்போட்ட முகத்தை அவர்கள் குரல் வந்த பக்கம் திருப்பி அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் என்னைப் பார்த்து, மகனின் அண்மைக்காலப் படம் ஒன்று வேண்டும், இப்போதே போய் எடுத்து வா என்றார்கள். வீட்டில் உன் அண்மைக்காலப் படம் அது ஒன்றுதான் இருந்தது. கொடுத்துவிட்டேன். ஐஸ்பழத்தோடு நீங்கள் இருவரும் நிற்கும் படத்தை அவர்கள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறகு எத்தனையோ தரம் போய்க் கேட்டேன். "ஃபைலில் இருக்கிறது" என்கிறார்கள். படத்தை எடுத்தவன் கடற்கரையில் திரிகிற படக்காரன், தபாலில் ஒரு பிரதி அனுப்பினான், அவ்வளவுதான். அவனை எங்கே தேடுவது?

இதை நான் விமலாவுக்குச் சொல்லாமலே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வந்தபோது, சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அவள் கையை நீட்டி அல்பத்தை வாங்கித் தடவினாள். மூலைக்கடதாசிகள் மட்டும் ஒட்டியபடி இருந்தன, நடுவில் ஒன்றுமில்லை.

"இதில இருந்த படம் எங்க அப்பா?"

சொன்னேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அதுதான் எனக்கு எல்லாத்திலயும் வடிவாத் தெரியுது" என்றாள். பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ நீலக்கோடு போட்ட சேட்டின் கையை முழங்கை வரை மடித்திருந்தாய். உன் இடது நாடியில் சவரம் செய்யும்போது வெட்டின காயம். ஐஸ்பழம் செம்மஞ்சள் நிறம், உருகி அவள் மணிக்கட்டு வழியே ஒழுகுகிறது. நீ பொய்யாக அழுவதற்காகக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாய். உங்களுக்குப் பின்னால் கடலில் ஒரு கப்பல், துறைமுகத்துக்குள் வர இடமில்லாமல் காத்து நிற்கிறது. "அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான், நான் அவனைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று முடித்தாள். அந்தப் படத்தின் இடத்தில் ஒட்டுவதற்கு இந்த வரிகளைத்தான் என்னால் அனுப்ப முடியும்.

படங்களைப் பிரதி எடுக்கக் கடைக்குக் கொண்டுபோன அன்று தானும் வருவதாக அடம்பிடித்தாள். மூலப் படங்களையே அனுப்பச் சொல்லித்தான் முதலில் நின்றாள். "இனி அதைப் பாக்கிறது அவன்தானே" என்றாள். நான் மறுத்துவிட்டேன். சந்தியில் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையை வாங்கின பெண் பொலிஸ், அதிலுள்ள படத்தையும் இவள் முகத்தையும் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். நான் குறுக்கே போய், மகளுக்குக் கண் தெரியாது, கோட்டைக் குண்டில் போனது என்று சொல்லத் தொடங்கினேன். "நீங்க பேசாம இருங்க" என்று சிங்களத்தில் அதட்டினாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அட்டையில் இருந்த படத்தில் விமலாவுக்கு இருபது வயது, இரண்டு கண்ணாலும் நேரே பார்க்கிறாள். விமலா கண்ணாடியைக் கழற்றினாள். என் பிள்ளையின் முகத்தை நடுத்தெருவில் திறந்து காட்ட விட்டு, நான் படங்கள் இருந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. அந்தப் பெண் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றாள். பிறகு கண்ணாடியைத் தானே வாங்கி விமலாவின் காதில் மாட்டிவிட்டு, "யன்ன அக்கே" என்று போகச் சொன்னாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு விமலா கேட்டாள்: "என்ன வயசிருக்கும் அப்பா அவளுக்கு?" "சின்னப் பிள்ளைதான். இருபது இருக்கும்." "கை நடுங்கினது" என்றாள்.

இதையெல்லாம் நான் உன்னை அழவைக்க எழுதவில்லை. உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், அதற்கு முன் இங்கே என்ன இருக்கிறதென்று நீ தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த இடத்து ஆட்கள் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பிறகு வரவில்லை. உன் கல்யாணத்துக்கு வர அவளுக்கு விசா கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ கேஸை விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. வந்து இறங்கினால் அந்த ஃபைலில் இருக்கும் படம் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வா என்று எழுத என்னால் முடியவில்லை. எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. எனக்குப் பிறகு அவள் கையை யார் பிடிப்பார்கள் என்று நினைக்கும்போது, வராதே என்று எழுதவும் கை வரவில்லை. கடைசியில் நான் அவளையே கேட்டேன். தம்பி இப்படி எழுதியிருக்கிறான், என்ன சொல்ல என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"வரச்சொல்லாதேங்கோ அப்பா. வந்தாலும் நான் அவனைப் பாக்கப் போறேல்லைத்தானே. அவன் அங்க உயிரோட இருக்கட்டும். குரல் எனக்குக் காணும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். என் விருப்பத்தை நான் எழுதவில்லை. அது காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றுமாக இருக்கிறது.

குரல் போதும் என்று அவள் சொன்னதால் ஒன்று கேட்கிறேன். ரெலிபோன் எடுக்கும்போது "எப்பிடி இருக்கிறாய் அக்கா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்காதே. இங்கே வருகிற எல்லோரும் சாவீட்டுக்கு வந்தவர்கள் போல அப்படித்தான் கேட்கிறார்கள், அவளுக்கு எரிச்சல் வருகிறது. நீ நிற்கிற இடத்தில் யன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறதென்று சொல். பனி என்றால் வெறுமனே பனி என்று சொல்லாதே, எப்படிக் கிடக்கிறது, யார் நடந்து போகிறார்கள், என்ன நிறத்தில் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்று சொல். உனக்கும் முதலில் வார்த்தை வராது. எனக்கும் வரவில்லை. அவள் கேட்டுக் கேட்டு வரவழைத்துவிடுவாள். உன் மனைவியையும் கதைக்கச் சொல். கூச்சப்பட்டால் விமலாவே கதைப்பாள், அவள் கந்தோரில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள். பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கு அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி வளர். பாவப்பட்ட அத்தை என்று சொல்லாதே.

கல்யாணத்தைத் தள்ளி வைக்காதே. அன்று காலையில் நாங்கள் இருவரும் இங்கே கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ரெலிபோன் கடைக்குப் போய்க் காத்திருப்போம். நீ எடுக்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் சோதனைச்சாவடிக் கதையை எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. பிறகு, தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனையைக் கேட்டாள். பார்வை போன பிறகு அவள் எழுதுவது இதுதான் முதல் தடவை. தாளில் கீழே இடம் விட்டு, அவள் கையைப் பிடித்து வைத்தேன். "விடுங்கோ அப்பா, எனக்கு எழுதத் தெரியும்" என்றாள். விட்டுவிட்டேன். வரி மேலேறி மேலேறி, நான் எழுதியவற்றின் மீதே போய்விட்டது. நான் தடுக்கவில்லை. உனக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கும் என்பதால் அவள் எழுதியதை இங்கே திரும்ப எழுதுகிறேன்:

"தம்பி, கல்யாணத்துக்கு மண்ணிறக் கோட்டுப் போடாதே. உன்ர நிறத்துக்கு எடுபடாது. கடும் நீலம் போடு. அக்கா."